செம்பனைக் குலையும் ஐந்து விழுக்காடும்

சுங்கை சிப்புட்டிலிருந்து லிந்தாங் போகும் சாலையானாலும் சரி, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் வேறு எந்தத் தோட்டப்பட்டணமானாலும் சரி, செம்பனைப் (எண்ணெய்ப்பனை) பழக்குலை வாங்கும் நிலையத்தின் வாசலில் ஒரு பலகை நிற்கும். அன்றைக்கு ஒரு டன் குலைக்கு எத்தனை வெள்ளி (மலேசிய ரிங்கிட்) என்று அதில் எழுதியிருக்கும். நாலு ஏக்கர் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர் லோரியை நிறுத்தியதும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

அந்த எண் வரும் வழி எளிமையானது. நூறு கிலோ குலையைப் பிழிந்தால் சுமார் இருபது கிலோ எண்ணெய் கிடைக்கும். எனவே கச்சா எண்ணெய் (சுத்திகரிக்காத பாமாயில்) விலையில் ஐந்தில் ஒரு பங்கு, அதோடு பழத்தின் உள்ளிருக்கும் பருப்புக்கு ஒரு தொகை. ஆலைக் கூலியையும் வாங்கிக் கொடுப்பவரின் பங்கையும் கழித்தால் பலகை விலை. கச்சா எண்ணெய் டன்னுக்கு 4,000 வெள்ளி என்றால் எண்ணெய்க்காக மட்டும் ஒரு டன் குலையின் மதிப்பு 800 வெள்ளி. இந்த 4,000 என்பது சோயா எண்ணெய் விலை, டாலர் மதிப்பு, இந்தோனேசியாவின் ஏற்றுமதி வரி என்று பலவற்றைப் பொறுத்தது. அவற்றோடு, இந்தியத் துறைமுகத்தில் மலேசிய எண்ணெய்க்கு எவ்வளவு வரி, மற்ற நாட்டு எண்ணெய்க்கு எவ்வளவு வரி என்பதும் சேர்ந்துகொள்கிறது. சில நாடுகள் தங்களுக்குள் மட்டும் வரியைக் குறைத்துக்கொள்ளும் வட்டார வாணிப ஒப்பந்தம் தோட்டத்துக்குள் நுழைவது இந்தக் கடைசி வாசல் வழியாகத்தான்.

2019 ஜனவரி 1-ஆம் தேதி நடந்ததைப் பார்த்தால் விஷயம் பிடிபடும். மலேசியாவுக்கும் இந்தியாவுக்கும் 2011 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் இருதரப்பு ஒப்பந்தப்படி, அன்றைக்கு மலேசியாவிலிருந்து போகும் சுத்திகரித்த பாமாயிலுக்கு இந்தியா விதித்த வரி 54 விழுக்காட்டிலிருந்து 45-க்கு இறங்கியது. இந்தோனேசிய எண்ணெய்க்கு அது 50 வரைதான் இறங்கியது. எண்ணெய் ஒன்றேதான், மரமும் ஒரே இனம், கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் விளைகிறது என்பதுதான் வித்தியாசம். டன் 550 டாலர் என்று வைத்துக்கொண்டால் ஐந்து விழுக்காடு 27.50 டாலர். ஒரு கப்பலில் 25,000 டன் போனால் இறக்குமதி செய்பவருக்கு 6,87,500 டாலர் மிச்சம். எண்ணெய் வாணிபத்தில் டன்னுக்கு ஐந்து டாலர் லாபம் நின்றாலே பெரிய விஷயம். இருபத்தேழு டாலர் தெருவில் கிடந்தால் யார் எடுக்காமல் போவார்கள்? இந்திய வியாபாரிகள் இந்தோனேசியாவை விட்டு மலேசியச் சுத்திகரிப்பு ஆலைகளின் பக்கம் திரும்பினார்கள்.

அதே சமயம் இந்தியாவின் சொந்தச் சுத்திகரிப்பாளர்களுக்கு வயிறு எரிந்தது. கச்சா எண்ணெய்க்கு 40, மலேசியாவின் சுத்திகரித்த எண்ணெய்க்கு 45. முன்பு பத்தாக இருந்த இடைவெளி பாதியாகிவிட்டது. கச்சாவை வாங்கி அங்கே சுத்திகரிப்பதைவிட, சுத்திகரித்ததையே வாங்கிப் போத்தலில் அடைப்பது லாபம் என்ற நிலை. அவர்கள் அரசிடம் முறையிட்டார்கள். 2019 செப்டம்பரில் இந்தியா மலேசியச் சுத்திகரித்த எண்ணெய்க்கு மட்டும் 180 நாள்களுக்குக் கூடுதலாக 5 விழுக்காடு பாதுகாப்பு வரி போட்டது. இடைவெளி அன்றோடு மறைந்தது. பிறகு 2020 ஜனவரி 1-இல் மலேசியா, இந்தோனேசியா இரண்டுக்கும் 45 என்று ஆனது. ஒரு வாரத்தில், ஜனவரி 8-ஆம் தேதி, சுத்திகரித்த பாமாயில் முழுவதையுமே அனுமதி இருந்தால்தான் இறக்கலாம் என்ற பட்டியலில் இந்தியா வைத்தது. இதற்கு நடுவில் காஷ்மீர் விஷயத்தில் இந்தியாவைக் கண்டித்து அன்றைய மலேசியப் பிரதமர் துன் மகாதீர் ஐநாவில் பேசியதும், அதனால் எழுந்த கசப்பும் எல்லாருக்கும் தெரிந்த கதை.

இந்த எட்டு மாத வசந்தத்தில் நாலு ஏக்கர்க்காரருக்கு என்ன கிடைத்திருக்கும்? 27.50 டாலர் முழுவதும் மலேசியப் பக்கமே வந்தது என்று மிகத் தாராளமாக வைத்துக்கொள்வோம். அப்போதைய மாற்று விகிதத்தில் எண்ணெய் டன்னுக்கு ஏறக்குறைய 113 வெள்ளி. அதில் ஐந்தில் ஒன்று, குலை டன்னுக்கு 22 வெள்ளி சில்லறை. மாதம் இரண்டு டன் வெட்டுபவருக்கு 45 வெள்ளி. உண்மையில் அதுவும் முழுதாக வராது. வரியைக் கட்டுவது இந்திய இறக்குமதியாளர். மிச்சம் முதலில் அவர் கையில் விழுகிறது. அதில் ஒரு பகுதியைப் பேரம் பேசிச் சுத்திகரிப்பு ஆலை வாங்கும். ஆலைகள் கச்சாவுக்குப் போட்டி போட்டால் கொஞ்சம் கசிந்து குலைக்கு வரும். ஒப்பந்தத்தின் பலன் எப்போதும் இப்படித்தான், மேலேயிருந்து சொட்டுச் சொட்டாக.

கவனிக்க வேண்டியது இன்னொன்று. மலேசியாவுக்கு லாபம் தந்தது 45 என்ற எண் அல்ல. 50-க்கும் 45-க்கும் இடையிலிருந்த ஐந்து. அடுத்தவனுக்கும் 45 என்றானதும் நம்முடைய 45-க்கு மதிப்பில்லை. வாணிப ஒப்பந்தம் எதைப் பற்றிப் பேசினாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி “நமக்கு எவ்வளவு?” அல்ல, “வெளியே நிற்பவனுக்கு எவ்வளவு?” என்பதுதான்.

தள்ளுவண்டிக் கணக்கு

இப்போது நாம் விற்பவர் அல்ல, வாங்குபவர் என்று வைத்துப் பார்ப்போம். குலை ஏற்றும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி ஒன்று. தூரத்து நாடு அதை 100 வெள்ளிக்குச் செய்கிறது, பக்கத்து நாடு 110-க்கு, உள்ளூர்ப் பட்டறை 135-க்கு. இவை கணக்குக்காகப் போட்ட எண்கள்.

எல்லாருக்கும் ஒரே வரி, 30 விழுக்காடு. கடையில் தூரத்து வண்டி 130, பக்கத்து வண்டி 143, உள்ளூர் வண்டி 135. வாங்குபவர் தூரத்து வண்டியை எடுப்பார். அரசுக்கு 30 வெள்ளி வரி. இப்போது பக்கத்து நாட்டோடு மட்டும் ஒப்பந்தம் போட்டு அதற்கு வரியை நீக்குகிறோம். பக்கத்து வண்டி 110, தூரத்து வண்டி அதே 130. வாங்குபவர் பக்கத்து வண்டிக்கு மாறுவார். அவருக்கு 20 வெள்ளி மிச்சம், சந்தோஷம். ஆனால் அரசுக் கருவூலத்துக்கு 30 நஷ்டம். நாட்டை ஒரு குடும்பமாகப் பார்த்தால் வண்டிக்குப் பத்து வெள்ளி கைவிட்டுப் போனது. எங்கே போனது? 100-க்குச் செய்யத் தெரிந்தவனை விட்டு 110-க்குச் செய்பவனிடம் வாங்கினோமே, அந்தப் பத்து.

தொடக்க வரி 50 விழுக்காடாக இருந்திருந்தால் கதை வேறு. தூரத்து வண்டி 150, பக்கத்து வண்டி 165, உள்ளூர் வண்டி 135. வாங்கியது உள்ளூர் வண்டி. அரசுக்கு வரி ஏதும் வரவில்லை. ஒப்பந்தத்துக்குப் பிறகு பக்கத்து வண்டி 110. வாங்குபவருக்கு 25 மிச்சம், கருவூலத்துக்கு நஷ்டமில்லை. உள்ளூர்ப் பட்டறைக்குத்தான் அடி. அங்கே வேலை செய்தவர்கள் வேறு வேலைக்கு எவ்வளவு சீக்கிரம் போக முடியும் என்பதை இந்தக் கணக்கு சொல்லாது; பட்டறை மூடிய பட்டணம்தான் சொல்லும்.

முதலாவதை வாணிபத் திசைமாற்றம் என்றும் இரண்டாவதை வாணிப உருவாக்கம் என்றும் 1950-இல் பிரித்துக் காட்டியவர் பொருளியலாளர் ஜேக்கப் வைனர். அதுவரை, சில நாடுகள் மட்டும் தங்களுக்குள் வரியை நீக்கினாலும் அது தாராள வாணிபத்தை நோக்கி ஓர் அடி, ஆகவே நல்லது என்றே பலர் நினைத்திருந்தார்கள். 1947-இல் கையெழுத்தான காட் என்ற பன்னாட்டு வரி, வாணிப ஒப்பந்தத்தின் முதல் விதி, ஒருவனுக்குக் கொடுத்த சலுகையை எல்லாருக்கும் கொடு என்கிறது. அதன் 24-ஆம் விதியோ, உங்களுக்குள் ஏறக்குறைய எல்லாப் பொருளுக்கும் வரியை நீக்கினால் கூட்டம் சேரலாம், ஆனால் வெளியாருக்கு வரியை ஏற்றக் கூடாது என்று விலக்குத் தருகிறது. வளரும் நாடுகளுக்கு 1979-இல் இன்னும் தளர்வான விலக்கு வந்தது. தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான் தன் தாராள வாணிப வட்டாரத்தை அந்தத் தளர்ந்த விலக்கின் கீழ்தான் பதிவு செய்தது.

2019-இன் பாமாயிலை இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள். இந்தியச் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து மலேசிய ஆலைக்கு வேலை நகர்ந்தது உருவாக்கம். இந்தோனேசிய ஆலையிலிருந்து மலேசிய ஆலைக்கு நகர்ந்தது திசைமாற்றம். ஒரே கப்பலில் இரண்டும் போயின.

தள்ளுவண்டிக் கணக்கில் ஒரு பரிகாரமும் ஒளிந்திருக்கிறது. தூரத்து நாட்டுக்கு வரி 30 இல்லாமல் 5 என்றால் அதன் வண்டி 105-க்கு வரும். ஒப்பந்தம் இருந்தாலும் 110-க்கு யாரும் வாங்கமாட்டார்கள். வெளிவரி தாழ்வாக இருந்தால் திசைமாற்றத்துக்கு இடமில்லை. உள்ளுக்குள் வரியை நீக்கும்போதே வெளியாருக்கும் கொஞ்சம் இறக்கிய நாடுகள் தப்பித்தன. உயர்ந்த மதிலுக்குள் கூட்டம் கூடியவர்கள் தங்களுக்குள்ளேயே விலை கூடிய சரக்கை விற்றுக்கொண்டார்கள்.

கூட்டம் சிறிதானால்

நாலைந்து நாடுகள் மட்டும் சேரும்போது, உலகிலேயே மலிவாகச் செய்பவன் அந்த நாலுபேரில் ஒருவனாக இருக்க வாய்ப்புக் குறைவு. எனவே திசைமாற்றத்துக்கு வாய்ப்பு அதிகம். கூட்டாளிகள் ஏற்கெனவே ஒருவருக்கொருவர் நிறைய விற்று வாங்குபவர்களாக இருந்தால் ஆபத்து குறையும். ஆனால் பக்கத்துப் பக்கத்து நாடுகள் பெரும்பாலும் ஒரே பொருளையே விளைவிக்கின்றன. மலேசியாவும் இந்தோனேசியாவும் சேர்ந்து உலகப் பாமாயிலில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் தருகின்றன. ஒருவருக்கொருவர் விற்க அங்கே என்ன இருக்கிறது? ஆசியான் நாடுகளின் மொத்த வாணிபத்தில் தங்களுக்குள் நடப்பது ஐந்தில் ஒன்றுக்கும் கால்பங்குக்கும் இடையிலேயே நின்றுவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அது அறுபது விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது.

ஆசியானின் வரி குறைப்பு மட்டும் சொன்னபடி நடந்தது. 1992 ஜனவரியில் சிங்கப்பூரில் கையெழுத்து; பழைய ஆறு உறுப்பினர்கள் 2010-க்குள் ஏறக்குறைய எல்லாப் பொருளுக்கும் பூஜ்யம்; வியட்நாம், லாவோஸ், மியன்மார், கம்போடியாவுக்கு 2015 வரையும் சில பொருளுக்கு 2018 வரையும் அவகாசம். பின்தங்கிய நாட்டுக்குத் தவணை கொடுத்தது வெறும் தயவல்ல. சுங்க வரியை நம்பிச் சம்பளம் போடும் அரசு அந்த வருமானத்தை இழந்தால் வேறு வரி போட வேண்டும். அதை வசூலிக்க ஆளும் கணக்கும் வேண்டும்.

சிறிய கூட்டத்தை உடைப்பது பெரும்பாலும் வரி அல்ல, பங்கு பிரிப்பு. கென்யா, தான்சானியா, உகாண்டா மூன்றும் சேர்ந்த கிழக்காப்பிரிக்கச் சமூகம் 1977-இல் சிதறியதற்கு ஒரு முக்கியக் காரணம், தொழிற்சாலைகளெல்லாம் நைரோபி பக்கமே போய்ச் சேர்ந்தது என்ற மற்ற இருவரின் மனக்குறை. வரிச் சுவர் விழுந்ததும் முதலாளி ஒரே இடத்தில் பெரிய ஆலையைக் கட்டி மூன்று நாட்டுக்கும் விற்பார். சாலை, மின்சாரம், துறைமுகம் ஏற்கெனவே உள்ள இடமே அவருக்கு வசதி. மற்ற இரண்டு நாடும் கென்யச் சரக்கைக் கூடுதல் விலைக்கு வாங்கும் சந்தையாகிவிட்டன. அதாவது அவர்கள் இழந்த பத்து வெள்ளி கென்யாவுக்குப் போனது. இழப்பீடு கொடுக்கும் ஏற்பாடு பலமாக இல்லாத கூட்டம் நிலைப்பது கஷ்டம்.

இதற்கு நேர்மாறாக வளர்ந்ததும் ஒன்று உண்டு. புரூணை, சிலி, நியூசிலாந்து, சிங்கப்பூர் என்று நாலு சின்ன நாடுகள் 2005-இல் போட்ட ஒப்பந்தம். அவற்றின் வெளிவரி ஏற்கெனவே தாழ்ந்திருந்ததால் திசைமாற்றப் பயமில்லை. அந்த விதையிலிருந்து முளைத்ததுதான் பிற்பாடு பதினொரு நாடுகளோடு தொடங்கிய சிபிடிபிபி என்ற பசிபிக் வட்டார ஒப்பந்தம். மலேசியாவுக்கு அது 2022 நவம்பர் 29 முதல் நடப்புக்கு வந்தது.

பால்மரக் காலத்தை நினைவுள்ள வட்டாரத்துக்கு, வெளியே நிற்பவன் பலம் புதிய பாடமல்ல. 1922 நவம்பரில் பிரிட்டிஷார் ஸ்டீவன்சன் திட்டம் என்ற பெயரில் மலாயா, இலங்கை இரண்டிலும் இரப்பர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி விலையை ஏற்றினார்கள். இது வரிச் சலுகை ஒப்பந்தமல்ல, சரக்கைப் பிடித்து வைக்கும் ஏற்பாடு. ஆனால் தர்க்கம் ஒன்றே. டச்சுக்காரர்கள் சேரவில்லை. ஏறிய விலையில் அவர்களின் கிழக்கிந்தியத் தீவுகளில் சிறுகுடியானவர்கள் மரத்தை நட்டு வெட்டித் தள்ளினார்கள். அமெரிக்க டயர் கம்பெனி ஃபயர்ஸ்டோன் லைபீரியாவுக்கும் ஃபோர்டு பிரேசிலுக்கும் தோட்டம் போடப் போனார்கள். 1928-இல் திட்டம் கைவிடப்பட்டபோது மலாயாவின் பங்கை டச்சுத் தீவுகள் தின்றிருந்தன. 2019-இலும் தாய்லாந்து, இந்தோனேசியா, மலேசியா மூன்றும் சேர்ந்து நாலு மாதத்தில் 2,40,000 டன் இரப்பர் ஏற்றுமதியைக் குறைக்க ஒத்துக்கொண்டன. அதில் மலேசியாவின் பங்கு 15,600 டன் மட்டுமே. ஒரு காலத்தில் உலகிலேயே முதலிடத்தில் இருந்த நாடு என்பதை நினைத்தால் அந்த எண்ணே ஒரு வரலாறு.

ஒரு பாக்கெட் வறுகடலை எந்த ஊர்?

வரி பூஜ்யம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதால் மட்டும் துறைமுகத்தில் பூஜ்யம் வராது. சரக்கு இந்தக் கூட்டத்தில்தான் பிறந்தது என்று நிரூபிக்க வேண்டும். அதற்கான தாள்தான் மூலச் சான்றிதழ். ஆசியானுக்குள் டி படிவம், சீனாவுக்கு ஈ படிவம், இந்தியாவுக்கு ஏஐ படிவம். மலேசியாவில் இவற்றைத் தருவது முதலீட்டு, வாணிப, தொழில் அமைச்சான மித்தி. விண்ணப்பம் முழுவதும் மின்னியல் முறையில்.

ஈப்போ புந்தோங்கின் கச்சாங் பூத்தே (வறுகடலை, முறுக்கு வகைத் தின்பண்டம்) தெரியாத பேராக் தமிழர் இல்லை. அதே தொழிலைத் தோட்டப்பட்டணத்தில் சின்ன அளவில் செய்யும் ஒருவர் இரண்டு பொருளை வெளியே அனுப்ப நினைக்கிறார் என்று வைப்போம்: முறுக்கு, வறுத்த நிலக்கடலை.

முறுக்கு கிலோ 12 வெள்ளிக்குக் கப்பலேறுகிறது. இந்திய உளுந்து மாவு 1.80, ஓமம் எள் முதலியவை 0.60, சீனாவிலிருந்து வந்த பாக்கெட் தாள் 0.50, தாய்லாந்து அரிசி மாவு 1.50. எண்ணெய், கூலி, கேஸ், லாபம் எல்லாம் உள்ளூர். ஆசியான் விதிப்படி, 12-இலிருந்து வெளிச்சரக்கைக் கழித்தால் மிஞ்சுவது 12-இல் குறைந்தது 40 விழுக்காடு இருக்க வேண்டும். தாய்லாந்து அரிசி ஆசியான் சரக்குதான். ஆனால் அதற்கு டி படிவம் கையில் இருந்தால்தான் அப்படிக் கணக்காகும். பட்டணத்து மளிகைக் கடையில் மூட்டையாக வாங்கியிருந்தால் தாள் இருக்காது, அதுவும் வெளிச்சரக்கில் சேர்ந்துவிடும். அப்படியும் வெளிச்சரக்கு 4.40 தான், உள்மதிப்பு 63 விழுக்காடு. முறுக்கு சுலபமாகத் தேறிவிடும்.

கடலைக்குத்தான் சோதனை. சீனக் கடலை கிலோ 6.50, வறுத்து உப்பிட்டு அனுப்பும் விலை 9 வெள்ளி. உள்மதிப்பு 2.50, அதாவது 27.8 விழுக்காடு. நாற்பது இல்லை. ஆனால் ஆசியான் பொதுவிதியில் ஒரு “அல்லது” இருக்கிறது: மதிப்பு 40, அல்லது சரக்கின் எச்எஸ் குறியீட்டில் (சுங்கத்துக்காக உலகம் முழுவதும் பொதுவாக வைத்த பொருள் எண்) முதல் நாலு இலக்கம் மாற வேண்டும். பச்சைக் கடலை 1202, வறுத்த கடலை 2008. மாறிவிட்டது. தாய்லாந்துக்குப் போகும்போது அது மலேசியக் கடலை.

அதே பாக்கெட்டைச் சென்னைக்கு அனுப்பினால்? 2010-இல் நடப்புக்கு வந்த ஆசியான்–இந்தியா ஒப்பந்தத்தின் பொதுவிதி 35 விழுக்காடு உள்மதிப்பு “மற்றும்” ஆறு இலக்க அளவில் குறியீடு மாற்றம் என்கிறது. குறியீடு மாறினாலும் 27.8 தேறாது. அங்கே அது சீனக் கடலை, முழு வரி. சட்டி ஒன்று, வறுத்தவர் ஒருவர், ஒரு சொல் மாறியதால் ஊர் மாறிவிட்டது.

இப்படி ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் விதி மாறுவதைப் பொருளியலாளர் ஜகதீஷ் பகவதி ஸ்பகெட்டி கிண்ணம் என்றார். நமக்கு இடியாப்பச் சிக்கல் என்றால் போதும். மலேசியாவிலிருந்து ஜப்பானுக்குச் சரக்கு அனுப்ப இன்று நாலு ஒப்பந்த வழி இருக்கிறது: இருதரப்பு, ஆசியான்–ஜப்பான், ஆர்செப் (ஆசியானோடு சீனா, ஜப்பான் முதலியவை சேர்ந்தது), சிபிடிபிபி. நாலிலும் வரி அட்டவணை வேறு, மூல விதி வேறு. பெரிய கம்பெனிக்கு இதைப் பார்க்கவே ஒரு பிரிவு இருக்கும். முறுக்குக் கடைக்காரருக்கு இரவு பத்து மணிக்கு மேல்தான் நேரம்.

நடைமுறை மூன்று கட்டம். முதலில் நிறுவனத்தைப் பதிவது. அடுத்து ஒவ்வொரு பொருளுக்கும் செலவுக் கணக்கு: எந்த மூலப்பொருள், என்ன குறியீடு, எங்கிருந்து, எத்தனை வெள்ளி, அதற்கான இன்வாய்ஸ். அது ஏற்கப்பட்ட பிறகு ஒவ்வொரு அனுப்புதலுக்கும் படிவ விண்ணப்பம். டி படிவம் கப்பல் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட மூன்று நாளுக்குள்ளோ வர வேண்டும். தவறினால் ஓராண்டுக்குள் பின்தேதி வழங்கல் என்ற குறிப்போடு வாங்கலாம். சுங்கத்தில் கேள்வி மட்டும் கூடும். படிவம் பன்னிரண்டு மாதம் செல்லும். 200 டாலருக்கு மேற்படாத சரக்குக்குப் படிவமே வேண்டாம். ஆவணங்களைக் குறைந்தது மூன்று ஆண்டு பத்திரமாக வைத்திருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் இறக்கும் நாடு திரும்பி வந்து கேட்கும்.

கெடுவது எங்கே? அதிகமாகக் குறியீட்டில். நாம் முறுக்கை 1905 என்று போடுவோம். அந்தப் பக்கத்துச் சுங்கம் 2106 என்று சொல்லும். படிவம் செல்லாமல் போகும். அனுப்புவதற்கு முன் வாங்குபவரிடம் அவர்கள் ஊர்க் குறியீட்டை எழுத்தில் கேட்டுக்கொள்வது பாதி வழக்கைத் தீர்க்கும். அடுத்தது வழி. சரக்கு சிங்கப்பூரில் கப்பல் மாறினால், முழுப் பயணத்துக்கும் ஒரே சரக்குச் சீட்டு இருக்க வேண்டும், அங்கே எதுவும் பிரித்துக் கட்டியிருக்கக் கூடாது. மூன்றாவது, பணம் வேறு நாட்டு வியாபாரி வழியாக வந்தால் வேற்றுநாட்டு இன்வாய்ஸ் கட்டத்தில் குறியிட மறப்பது. 2020 செப்டம்பரிலிருந்து இந்தியா இன்னும் இறுக்கிவிட்டது: படிவம் இருந்தால் போதாது, சரக்கு எப்படி அந்த நாட்டில் உருவானது என்ற விவரம் இறக்குமதியாளர் கையில் இருக்க வேண்டும். ஆகவே அவர் நம் செலவுக் கணக்கைக் கேட்பார். லாபம் எவ்வளவு என்று வாடிக்கையாளரிடமே காட்ட எந்தக் கடைக்காரருக்கு மனம் வரும்?

இத்தனை பாடும் பட்டு மிச்சம் எவ்வளவு என்று பார்க்காமல் இறங்கக் கூடாது. 6,000 வெள்ளிச் சரக்கு, சலுகை இடைவெளி ஐந்து விழுக்காடு என்றால் 300 வெள்ளி. அதுவும் வாங்குபவருக்கு. ஃபார்வர்டிங் ஏஜெண்ட் கூலியும் இரண்டு நாள் அலைச்சலும் நமக்கு. விலை பேசும்போதே அந்த 300-இல் பங்கு கேட்காதவர் ஊருக்கு உழைத்தவராகிவிடுவார். சிங்கப்பூருக்கு அனுப்புபவர் டி படிவத்துக்கு அலைவது இன்னும் வீண்: மது, வாகனம் போன்ற சிலவற்றைத் தவிர சிங்கப்பூர் யாருக்கும் சுங்க வரி போடுவதில்லை. இடைவெளி பூஜ்யம், சலுகையும் பூஜ்யம்.

இடைவெளி தானாகவும் கரையும். 2021 அக்டோபரிலிருந்து 2024 செப்டம்பர் நடுப்பகுதி வரை இந்தியா கச்சாப் பாமாயிலுக்கு அடிப்படைச் சுங்க வரியை எல்லா நாட்டுக்கும் பூஜ்யமாக்கியிருந்தது, சொந்த நாட்டில் எண்ணெய் விலை ஏறியதால். பத்து ஆண்டுத் தவணையில் 80-இலிருந்து 37.5-க்கு இறக்கிய ஒப்பந்த வரி அட்டவணை அந்த மூன்று ஆண்டும் அலமாரியில் தூங்கியது. பிறகு 20 விழுக்காடாக ஏறியது, 2025 மே இறுதியில் 10 ஆனது. 37.5 என்பது கூரை. அதற்குக் கீழே எங்கே நிற்பது என்பது டில்லியின் விருப்பம். பலகை விலையை ஆட்டுவது இந்தக் கீழ்ப்பகுதிதான்.

கொடுக்கமாட்டேன் என்றால்

ஒப்பந்தங்கள் வாங்க மறுப்பதைக் கட்டுப்படுத்துகின்றன. விற்க மறுப்பதை அவ்வளவாகத் தடுப்பதில்லை. தோட்டப்பட்டணத்து மளிகைக் கடைக்காரருக்கு இது யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. அதே ஆண்டு டிசம்பரில் வெங்காயத்தை நிறுத்தி 2024 மே மாதம்தான் திறந்தது. ஆசியான்–இந்தியா ஒப்பந்தம், இருதரப்பு ஒப்பந்தம் இரண்டும் நடப்பில் இருந்தும் வெங்காயம் வரவில்லை. மலேசியாவுக்கு 1,70,000 டன் அரிசி தர இந்தியா சம்மதித்தது, அரசுக்கு அரசு கேட்டு வாங்கிய தனி அனுமதி.

கூட்டாளிகளுக்குள்ளும் இதே கதை. 2022 ஏப்ரல் 28-இல் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை மூன்று வாரத்துக்கு மேல் அடைத்தது. அடுத்து ஜூன் 1-இல் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. மாதம் 36 லட்சம் கோழி என்ற கணக்கு அன்று சிங்கப்பூரைத் திகைக்க வைத்தது. இரண்டும் ஆசியானைத் தொடங்கிய உறுப்பினர்கள். உள்நாட்டில் விலை ஏறினால் எந்த அரசும் முதலில் தன் வாக்காளரைப் பார்க்கும், பிறகுதான் ஒப்பந்தத்தை. இதை நம்பிக்கைத் துரோகம் என்று கூச்சலிடுவதைவிட, சரக்கை ஒரே நாட்டிலிருந்து வாங்கும் பழக்கத்தை மாற்றுவது கடைக்காரருக்கு உபயோகமானது.

வரியை நீக்கிவிட்டு வேறு பெயரில் வைத்துக்கொள்வதும் உண்டு. சொந்த நாட்டுக் கார் நிறுவனமான புரோட்டோனைக் காக்க மலேசியா கார்களை ஆசியான் பட்டியலில் சேர்ப்பதைத் தள்ளிப்போட்டது. சேர்த்தபோது இறக்குமதி வரி இறங்கியது, கலால் வரி ஏறியது. 60 முதல் 105 விழுக்காடு வரை. தாய்லாந்துக் கார் மலிவாகும் என்று காத்திருந்தவர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள்.

தோட்டத்துக்கு மிக வேண்டிய ஒன்று எந்த ஒப்பந்தத்திலும் இல்லை: ஆள். ஆசியானில் ஒருவர் தகுதியை மற்றவர் ஏற்கும் ஏற்பாடு பொறியாளர், தாதி, மருத்துவர், பல் மருத்துவர், கட்டடக் கலைஞர், நில அளவையாளர், கணக்காளர், சுற்றுலாத் துறையினர் என்று எட்டுத் தொழிலுக்கு உண்டு. குலை வெட்டுபவர் அதில் இல்லை. அவர் வருவது தனி உடன்படிக்கைகளிலும் ஏஜெண்டுகள் வழியாகவும்தான். குலை மரத்திலேயே பழுத்து உதிர்ந்துகொண்டிருக்கும்போது ஐந்து விழுக்காடு சலுகை யாருக்கு உதவும்?

ஆசியான்–இந்தியா ஒப்பந்தத்தை மறுபரிசீலனை செய்ய 2023 ஆகஸ்ட்டில் செமாராங் கூட்டத்தில் முடிவானது. ஒப்பந்தத்துக்குப் பிறகு தன் வாணிபப் பற்றாக்குறை பெருகிவிட்டது என்பது இந்தியாவின் குறை. வேறு நாட்டுச் சரக்கு ஆசியான் வழியாக நுழைகிறது என்பது அதன் சந்தேகம். ஆகவே பேச்சு மேசையில் மூல விதிகளும் இருக்கின்றன. பாமாயிலுக்காக அமைச்சர்கள் பேசுவார்கள், ஆலைச் சங்கங்கள் மனு கொடுக்கும். 2008.11 என்ற வரிசையில், வறுத்த கடலைக்கு நேரே, இப்போதுள்ள “மற்றும்” நிற்குமா “அல்லது” வருமா என்று கேட்க அங்கே யாரும் போவதாகத் தெரியவில்லை.